கேட்கப்படாத ஜெபமும் அப்பாவின் விசுவாசமும்

கர்த்தருக்குள் அன்பான உறவினர்களுக்கும், சபையாருக்கும், அப்பாவோடு பணிபுரிந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பா எங்களைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவரை அதிகம் பேசாத மனிதராகத்தான் தெரியும். ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் எதிரில் வருபவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சிட்லபாக்கத்துக்குப் போய்விடுபவர். அவருடைய விசுவாசத்தைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று போதகர் ஐயா என்னிடம் சொன்னார். விசுவாசத்தைப் பற்றிப் பொதுவாக எழுத எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது அரக்கோணத்தில், ரயில்வே குடியிருப்பில். தாத்தா பணிமனையில் ஃபிட்டர். அப்பா பள்ளியில் படிக்கும்போதே அவரைப் பெற்ற தாய் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். தம்பி தங்கைகளுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பிள்ளை அவர். படிப்பு முடிந்து ரயில்வேயில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்தார். பல வருடங்கள் சரக்கு ரயில்களில் வேலை. கிறிஸ்துமஸ் அன்று அப்பா வீட்டில் இருந்த வருடங்கள் குறைவு என்று அம்மா சொல்வார். பிறகு தாம்பரத்துக்கு மாற்றலாகி மின்சார ரயில் ஓட்டத் தொடங்கினார். நானும் தம்பியும் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம்.

வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா சமையலறையில் நின்றபடி ஜெபிப்பார். அம்மா டிபன் பாக்ஸை மூடும் நேரம்தான் அவருக்கு ஜெப நேரம். எப்போதும் ஒரே ஜெபம்.

"ஆண்டவரே, இன்னைக்கு என் வண்டியில ஏர்றவங்களும் என் வண்டிக்கு முன்னால வர்றவங்களும் பத்திரமா வீடு போய்ச் சேரணும். ஆமென்."

தாம்பரம் வழித்தடத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஜெபத்தின் அவசியம் புரியும். நடைமேம்பாலம் ஏற அலுத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. உடன் பணியாற்றிய ஓட்டுநர்கள் அநேகருக்கு அந்தத் துயரம் நேர்ந்திருந்தது. அப்பாவுக்கு மட்டும் நேரவில்லை. ஒரு புத்தாண்டு ஆராதனையில் அவர் எழுந்து நின்று இதைச் சாட்சியாகச் சொன்னார். "இத்தனை வருஷம் என் வண்டியால ஒரு உயிரும் போகல. இது என் திறமை இல்ல, கர்த்தருடைய கிருபை" என்றார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருடமே அது நடந்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காலை நேரம். குரோம்பேட்டையைத் தாண்டித் தாம்பரம் நோக்கி வண்டி வந்துகொண்டிருந்தது. எதிர்த்திசையில் போன ரயிலின் மறைவிலிருந்து ஓர் இளைஞர் தண்டவாளத்தில் கால் வைத்தார். அப்பா ஹாரனை அழுத்தினார், பிரேக் போட்டார். ஓடும் ரயில் நினைத்த இடத்தில் நிற்காது.

வண்டி நின்றதும் அப்பாவும் கார்டும் இறங்கி ஓடினார்கள். அந்த இளைஞருக்கு உயிர் இருந்தது. கார்டு ஆம்புலன்சுக்குச் சொல்லப் போக, அப்பா சரளைக் கற்களின்மேல் உட்கார்ந்து அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளை கண்ணைத் திறக்காமலே தன் தகப்பனை "அத்தா" என்று கூப்பிட்டார். அப்பா பதில் சொன்னார்: "இங்கதான்பா இருக்கேன்." மறுபடியும் "அத்தா" என்றார். மறுபடியும் அப்பா அதையே சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணையெல்லாம் முடிந்து மாலையில் அப்பா வீட்டுக்கு வந்தார். அவர்மேல் தவறில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தார். குளித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை அம்மா அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். கட்டுவதற்கு டிபன் பாக்ஸ் இல்லை. அப்பா வந்தார், வழக்கமான இடத்தில் நின்றார், கண்ணை மூடினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் கதவருகே நின்றேன். அழுவார் என்று நினைத்தேன். கோபிப்பார் என்றும் நினைத்தேன். அவர் அதே ஜெபத்தைச் செய்தார். வார்த்தை மாறவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. "என்னப்பா, இன்னும் அதையேவா கேக்குறீங்க? அவருதான் கேக்கலையே!" என்றேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ஆமாம்மா, கேக்கல. ஏன்னு எனக்குத் தெரியல. அதுக்காக நான் கேக்கறத நிறுத்திட்டா, அப்புறம் எங்க ரெண்டு பேருக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

'எங்க ரெண்டு பேருக்குள்ள' என்று அவர் சொன்னது அடுத்த வீட்டு மனிதரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. அதுவரை விசுவாசம் என்றால் கேட்டதைக் கொடுப்பார் என்று நம்புவது என்றே நினைத்திருந்தேன். இவர் கொடுக்காதவரிடம் போய் நிற்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நிற்கிறார்.

சபையில் சிலர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். அன்போடு வந்தவர்கள்தான். ஒருவர், "பிரதர், எங்கயோ ஜெபம் குறைஞ்சிருக்கு. வீட்ல ஏதாவது மறைவான பாவம் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இன்னொருவர், "கேஸ் ஒண்ணும் இல்லாம ஆண்டவர் உங்களக் காப்பாத்தினாரே, அதுக்கு சாட்சி சொல்லுங்க" என்றார். அப்பா இருவரிடமும் கோபப்படவில்லை. இரண்டாமவரிடம் மட்டும், "அந்தப் பையனோட அத்தாவும் காலைல எழுந்து பிள்ளைக்காக வேண்டியிருப்பாரு இல்லீங்களா? நான் தப்பிச்சேன்னு எழுந்து நின்னு சொல்ல என்னால ஆகாது" என்றார். அந்த ஞாயிறு ஆலயத்தில் அவரால் பாட முடியவில்லை. எல்லாரும் பாட எழுந்தபோது அவரும் எழுந்தார், வாய் திறக்காமல் நின்றார், எல்லாரோடும் உட்கார்ந்தார். ஆனால் ஆராதனைக்கு வராமல் இருக்கவில்லை.

மறுவாரம் ஒரு நாள், அந்த இளைஞரின் குடும்பத்தைப் பார்க்கப் போகிறேன் என்றார். உடன் பணிபுரிந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அடித்துவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். அவரைத் தனியே விட அம்மாவுக்கு மனமில்லாததால் நான் கூடப் போனேன்.

மேற்குத் தாம்பரத்தில், பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தவர் கரீம் பாய். இறந்துபோன அன்வர் அவருக்கு ஒரே மகன். கடை பூட்டியிருந்தது. மாடியில் வீடு, வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கைகூப்பி, "அந்த வண்டிய ஓட்டினது நான்தான்" என்றார்.

அன்வரின் மாமா எழுந்து வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தார். "இன்னா தைரியம் இருந்தா எங்க வூட்டுக்கே வருவ நீ?"

அப்பா கையைத் தட்டிவிடவில்லை. உள்ளிருந்து கரீம் பாயின் குரல் வந்தது: "விடுப்பா. வந்தவர உள்ள வுடு."

அப்பா தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு கரீம் பாய் ஒன்றே ஒன்று கேட்டார். "வலிச்சுதா அவனுக்கு?"

இல்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அப்பா, "வலிச்சுது பாய். கொஞ்ச நேரம். அப்புறம் இல்ல. என் மடியிலதான் இருந்தாரு" என்றார். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். "அத்தான்னு கூப்பிட்டாரு. நான் 'இங்கதான் இருக்கேன்'னு சொல்லிட்டேன். அது நீங்க சொல்ல வேண்டிய வார்த்தை. எனக்கு அந்த உரிமை இல்ல. ஆனா பிள்ள கூப்பிடும்போது சும்மா இருக்க முடியல. மன்னிச்சிருங்க."

கரீம் பாய் அப்படியே முன்னால் சரிந்து அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அழுகைக்கு நடுவே, "நான் இல்லாத எடத்துல நீங்க இருந்தீங்களே... என் புள்ள தனியா போகலையே..." என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டையைப் பிடித்த மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. கரீம் பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, தொழுதுட்டு வரேன்" என்று எழுந்து போனார். அவர் திரும்பி வரும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு எல்லாருமாக டீ குடித்தோம்.

வீடு திரும்பும் வழியில் அப்பா, "பாத்தியாம்மா? ஒரே பிள்ளையக் குடுத்துட்டு, கூப்பிட்டதும் எழுந்து போறாரு. நான் இன்னும் பாடவே ஆரம்பிக்கல" என்றார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் பாடினார். சுருதி சேரவில்லை. அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை அப்பாவின் வண்டியால் வேறு உயிர் போகவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. சில வருடங்கள் கழித்து இன்னொரு முறை நடந்தது. ஒரு பெண்மணி. அன்று மாலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கரீம் பாய் நின்றுகொண்டிருந்தார். "கேள்விப்பட்டேன்மா. சார் தனியா இருப்பாரேன்னு வந்தேன்" என்றார். இருவரும் கூடத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். காபியை வைத்துவிட்டு நான் திரும்பியபோது, அப்பாவின் தோளில் பாயின் கை இருந்தது.

மறுநாள் காலையும் அப்பா ஜெபித்தார். அதே ஜெபம்தான். நான் இந்த முறை கேள்வி கேட்கவில்லை. எரிந்த முட்செடியிலிருந்து கடவுள் மோசேயிடம், 'நீ நிற்கிற இடம் பரிசுத்த பூமி, செருப்பைக் கழற்று' என்று சொன்னதை ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சமையலறையில் அன்று நான் கால் செருப்பைக் கழற்ற வேண்டும் போல உணர்ந்தேன்.

ஓய்வுக்குப் பின் சிட்லபாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தோம். ஏரிக்கரையில் காலையில் நடப்பதும், தம்பியின் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவதும் அவருக்கு மகிழ்ச்சி தந்தன. சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஜெபித்தவர்களில் ஒரு சகோதரர், "ஐயா, குணமாவீங்கன்னு முழுசா நம்புறீங்களா?" என்று கேட்டார். அப்பா புன்னகையோடு, "அவர நம்புறேன் தம்பி. குணத்தப் பத்தி அவருதான் முடிவு பண்ணணும்" என்றார். அந்தச் சகோதரர் அப்பாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வலி கடுமையாக இருந்த நாட்கள் உண்டு. "ஆண்டவரே, போதும்" என்று அப்பா முனகியதையும் கேட்டிருக்கிறேன். அதை மறைக்க விரும்பவில்லை. அசையாத விசுவாசம் என்று நாம் பாடும்போது வலிக்காத மனிதரை நினைத்துக்கொள்கிறோம். அப்பாவுக்கு வலித்தது. கேள்விகள் இருந்தன. கடைசிவரை பல கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. ஆனால் கேள்வியையும் வலியையும் அவர் வேறு எங்கும் கொண்டுபோகவில்லை. அந்த ஒருவரிடமே கொண்டுபோனார். ஒரு காலைப் பொழுதில், அம்மா ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவின் சிகிச்சைக் காலத்தில் பொறுமையோடு கவனித்த மருத்துவர்களுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியர் சகோதரிக்கும், ஒரு நாளும் தவறாமல் ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், நாங்கள் இரவல் வாங்காத பாத்திரமே இல்லை என்னும்படி உதவிய எங்கள் தெருக்காரர்களுக்கும், அடக்க ஆராதனைக்குச் சீருடையோடு வந்து வரிசையாக நின்ற ரயில் ஓட்டுநர் நண்பர்களுக்கும், அரக்கோணத்திலிருந்து வந்த சித்தப்பா, அத்தை குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் எங்கள் எல்லாருக்கும் உணவு சமைத்து அனுப்பிய கரீம் பாய் குடும்பத்தாருக்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர்களும் இன்று நம்மோடு இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடைசியில் என்னம்மா எழுதட்டும் என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"உங்கப்பா கடவுள விடாம இருந்தாரா, கடவுள் உங்கப்பாவ விடாம இருந்தாரான்னு இத்தன வருஷம் கூடவே இருந்தும் எனக்குப் புரியல. ரெண்டு பேரும் விடல. அத மட்டும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

அம்மா, தம்பி குடும்பத்தார் சார்பில்,
அன்பு மகள்