கொல்லையில் அக்கா போட்ட மேடை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கூரை போட்ட சமையல் மேடை நினைவிருக்கும். அன்று சமையல் முழுவதும் அங்கேதான் நடந்தது. காலையிலிருந்து மழை விடவில்லை. ஆனாலும் அடுப்பில் ஒரு சொட்டு விழவில்லை. பந்தி முடிந்து கை கழுவப் போனவர்கள் மேடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "அக்காவுக்காகத் தம்பி எப்படிக் கட்டிக் குடுத்திருக்காரு பாருங்க" என்று முசிறியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த மேடையை நான் கட்டவில்லை. திட்டம் போட்டவரும் ஆள் வைத்துக் கட்டியவரும் அக்காதான். நான் செய்தது அந்த வேலையைப் பாதியில் தடுத்து நிறுத்தியதுதான். அக்காவைப் பற்றி எழுத வேண்டிய இந்தப் பக்கங்களில் அதை மறைத்துவிட்டு வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

அக்கா முசிறியில், காவிரியை ஒட்டிய எங்கள் வாழைத்தோட்டத்து வீட்டில் பிறந்தார். அம்மாவுக்கு எப்போதும் உடம்புக்கு முடியாது. அதனால் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை. நான் திருச்சிக் கல்லூரிக்குப் போன நாட்களில் முதல் பஸ்ஸுக்கு முன்பே எழுந்து சோறு வடித்துக் கட்டிக் கொடுத்தவர் அவர். பிறகு திருமணமாகிப் பொன்மலைக்குப் போனார். அத்தான் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அக்காவுக்குப் பிடித்திருந்தது. பல ஊர்க்காரர்கள், பல வீட்டுச் சமையல், ஞாயிற்றுக்கிழமை சந்தை மீன். அக்கா சாந்த சொரூபம் என்று நான் எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பீர்கள். அவருக்கு நல்ல வாய் உண்டு. ஆனால் அந்த வாயால் எவரையும் அழ வைத்ததில்லை.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா காலமான பிறகு முசிறி நிலத்தை விற்று ஸ்ரீரங்கத்தில் வீடு கட்ட நினைத்தேன். அக்காவின் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம் நானே எழுதி அவர் முன்னால் வைத்தேன். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். "படிச்சுப் பாக்கலையா அக்கா?" என்று கேட்டேன். "நீ எழுதினதுதானே?" என்றார்.

அந்தப் பதில் அன்று எனக்கு வசதியாக இருந்தது. பின்னால் அதுவே பயமாக மாறியது. என் மேசையைக் கடந்து எத்தனையோ குடும்பங்கள் போயிருக்கின்றன. சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட தங்கை, வயதான பிறகு வக்கீலோடு வருவாள். அதைப் பார்த்துப் பார்த்து, அக்காவும் ஒருநாள் வருவார் என்று எங்கோ மனதுக்குள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா வந்தார். அத்தான் இறந்து சில ஆண்டுகள் மகளோடு பெங்களூரில் இருந்துவிட்டு, அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். வாங்க என்று நான்தான் அழைத்தேன். வாய் அழைத்தது. மனம் கணக்குப் போட்டது.

என் மனைவி மீன், கறி எல்லாவற்றையும் விட்டுப் பல காலம் ஆகிறது. எங்கள் சமையலறையில் அவை நுழைவதில்லை. ஓர் ஆவணிக் காலையில் காபி குடிக்கும்போது அக்கா விஷயத்தைச் சொன்னார். கொல்லையில் கூரை போட்டு ஒரு மேடை அமைத்துக்கொள்கிறேன், மீனோ கருவாடோ அங்கேயே சமைத்துக்கொள்கிறேன், உள்ளே வாசம் வராது என்றார். "உன் கொல்லைதான், நீ சரின்னாத்தான்" என்று முடித்தார். 'உன் கொல்லை' என்றதில் குத்தல் இருக்கிறதோ என்று யோசித்தேன். சரி என்று தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். அண்ணன் தம்பி பிரிந்ததற்கு அடையாளம் சுவர் அல்ல, அடுப்பு. ரேஷன் கார்டு தனியாகக் கேட்டால்கூடத் தனிச் சமையல் உண்டா என்றுதான் வந்து பார்ப்பார்கள். தனி அடுப்பு, தனி கார்டு, பிறகு இந்த விலாசத்தில் ஓர் உரிமை, பிறகு பங்கு. வேலையில் இருந்தவரை மற்றவர்கள் வீட்டில் நான் பார்த்த வரிசை இது. மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அண்ணி மீன் வறுக்க இடம் கேக்கறாங்க. நீங்க அதுல வில்லங்கம் பாக்கறீங்க. ரிட்டயர் ஆகி இவ்வளவு வருஷம் ஆச்சு, இன்னும் ஆபீஸ்லேருந்து வீட்டுக்கு வரலையா?" என்றாள்.

அக்கா காகிதத்தில் திட்டம் போடவில்லை. கோலமாவை எடுத்துக் கொல்லைத் தரையில் முழு அளவிலேயே கோடு போட்டார். அதற்குள் நின்று சமைப்பதுபோல் நடித்துப் பார்த்தார். அடுப்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பினார், குனிந்து விறகு எடுத்தார், கை இடித்த இடத்தில் கோட்டைக் காலால் அழித்துத் தள்ளிப் போட்டார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்கு அது சர்வேயர் போடும் எல்லைக்கோடாகத் தெரிந்தது. அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். மாவில் என் செருப்புத் தடம் பதிந்ததைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் அக்கா அதைப் பார்த்தார். "அளந்து பாத்தியா? நான் கண்ணளவுல போட்டது. சரியா வந்துச்சா?" என்றார். நான் எதற்கோ உள்ளே போய்விட்டேன்.

அவர் எடுத்த ஒவ்வொரு முடிவையும் நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மழைக்காலத்தில் எங்கள் கொல்லையில் தண்ணீர் நிற்கும் என்பதால் தரையை முழங்கால் உயரத்துக்கு உயர்த்தினார். இரும்புச் சட்டம், அதன்மேல் கடப்பாக்கல். தரையை உயர்த்துகிறவர் நாளை சுவர் எழுப்புவார் என்று நினைத்தேன். கூரைத் தகடுகளை இரண்டு அடுக்காகப் போட்டு நடுவில் புகை போக இடைவெளி விடச் சொன்னார். தகரக் கொட்டகைக்கு இத்தனை வேலைப்பாடா, நிரந்தரமாக இருக்கத்தான் இது என்று நினைத்தேன். எங்கள் ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும் மூங்கில் தட்டி வைத்தார். என் மனைவிக்கு மீன் வாசம் அடிக்கக்கூடாது என்பதற்காக. எதையோ மறைக்க என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெல்டர், தூண்களுக்குக் குழி தோண்டி கான்கிரீட் போட்டு, சட்டத்தைப் பற்றவைத்துவிடலாம் என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. தூண்கள் கருங்கல்லின் மேல் சும்மா நிற்க வேண்டும், இணைப்புகள் எல்லாம் போல்ட் நட்டாக இருக்க வேண்டும் என்றார். அதற்கு அதிக வேலை. அத்தானோடு வாழ்ந்தவர் என்பதால் எந்த இடத்தில் எத்தனை போல்ட் என்பதையும் அவரே சொன்னார். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சந்தேகமாக இருந்தது. பற்றவைத்தால் அதோடு முடிந்தது. போல்ட் என்றால் பின்னால் இன்னும் சட்டம் சேர்த்து நீட்டிக்கொண்டே போகலாம் அல்லவா?

சட்டம் நின்றது. கூரை போட வேண்டிய நாளில், அக்கா சந்தைக்குப் போயிருந்தபோது, வெல்டரிடம் அனுமதிப் பிரச்சினை வந்திருக்கிறது, நான் சொல்லும்வரை வர வேண்டாம் என்றேன். அப்படி ஒரு பிரச்சினையும் வரவில்லை. அக்காவிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஐப்பசி மழையில் கூரையில்லாத அந்தச் சட்டம் நனைந்துகொண்டு நின்றது. வெயில் வந்த நாட்களில் அக்கா துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவர் யாரிடமோ ஆலோசனை கேட்கிறார், அதனால்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். மகளோடு போனில் பேசும்போது பக்கத்தில் போய் நின்று கேட்டேன். பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

மார்கழி கடைசியில் ஒரு காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அனுமதி கதையெல்லாம் வேணாம். உனக்கு என்ன பயம்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். அடுப்பு, கார்டு, உரிமை, பங்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எழுபது வயது தாண்டியவன், அக்காவின் முகத்தைப் பார்க்காமல், பேப்பரைப் பார்த்துச் சொன்னேன்.

"இவ்வளவு நாளா இதையா வயித்துல வச்சுக்கிட்டு இருந்தே?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ இப்படித்தான் நினைப்பேன்னு தெரிஞ்சுதான்டா போல்ட் போடச் சொன்னேன். நான் போனதுக்கு அப்புறம் ஸ்பானர் எடுத்தா ஒரு காலைப்பொழுதுல கழட்டிடலாம். மண்ணுல ஒரு குழி இருக்காது. அக்கா இங்க எதையோ நட்டுட்டுப் போனான்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. எனக்கு மீன் திங்கணும். அவ்வளவுதான்."

என்னை நம்பி ஒரு பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், நான் அவரை நம்ப மாட்டேன் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி வீட்டுக்குள் ஓரிடம் அமைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். அன்று மாலை காவிரிக்கரையில் நடந்தபோது என் மனம் சொன்னது இது: இவ்வளவு முன்கூட்டி யோசிக்கிறவர் இன்னும் என்னென்ன யோசித்து வைத்திருப்பாரோ.

தை பிறந்ததும் வெல்டரை வரச் சொன்னேன். கூரை ஏறியது. அதன்பின் அக்காவுக்குக் கிடைத்தது பத்து மாதத்துக்கும் குறைவு. அந்த மாதங்களில் மேடைதான் எங்கள் வீட்டில் கலகலப்பான இடம். மீன் தொடாத என் மனைவிகூடத் தட்டிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணியோடு பேசிக்கொண்டிருப்பாள். பொன்மலையிலிருந்து பழைய சிநேகிதிகள் வருவார்கள். நான் மட்டும் ஏறவில்லை. ஏறி உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த அடுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். குழம்பு ஒரு கிண்ணத்தில் எனக்கு உள்ளே வரும். ருசியாக இருக்கும். நன்றாக இருந்தது என்று ஒருமுறையும் நான் சொன்னதில்லை. ஒருநாள், "வாடா, சூடா இருக்கு, இங்கேயே உக்காந்து சாப்பிடு" என்று கூப்பிட்டார். கால் வலிக்கிறது என்றேன். "உனக்கு வலி கால்ல இல்ல, தலையில" என்றார். கொல்லையே சிரித்தது.

ஐப்பசியில் மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். சில நாட்கள்தான். இரண்டாம் நாள் என்னைப் பக்கத்தில் அழைத்து, "மேடையைக் கழட்டிடு, மறந்துடாத. அப்புறம் உனக்கு மனசு உறுத்திக்கிட்டே இருக்கும்" என்றார். வேண்டாம் அக்கா, அது இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பின் அவருக்கு நினைவு திரும்பவில்லை. நான் அக்காவிடம் கடைசியாகச் சொன்ன சொல் அந்தச் 'சரி'தான்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா மகள் அத்தானின் ஸ்பானர் பெட்டியோடு கொல்லைக்குப் போனாள். அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றாள். நான் தடுத்தேன். அன்றுதான் முதல்முறையாக மேடையில் ஏறினேன். ஏறியதும் சொன்னேன், இந்த வீட்டில் பாதி உன் அம்மாவுடையது, அதை உனக்கு எழுதி வைக்கிறேன் என்று.

"முதல்ல உக்காருங்க மாமா. எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லி முழுவதையும் கேட்கப் போகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அக்காவின் சாம்பல் கரைத்து இரண்டு வாரம் ஆகியிருக்கிறது, அப்போதும் அப்படி நினைத்தேன். என் சந்தேகத்துக்குக் காரணம் அக்கா அல்ல, எவரும் அல்ல, அது என்னுடையது என்று அப்போது புரிந்தது.

அக்காவின் கடைசி நாட்களில் உதவிய அனைவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தி வைத்துக் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும், பொன்மலைச் சிநேகிதிகளுக்கும், நான் திருப்பி அனுப்பியும் மனம் கோணாமல் வந்து வேலையை முடித்துக் கொடுத்த வெல்டருக்கும், அக்காவைக் கடைசிவரை சந்தேகிக்காத என் மனைவிக்கும். பெங்களூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் செய்து, என்மேல் ஒரு சொல்லும் கோபமாகச் சொல்லாத அக்கா மகளுக்கு நன்றி என்ற சொல் போதாது.

உங்களிடம் ஓர் உதவியும் கேட்கிறேன். பாதி வீட்டை அக்கா மகள் பேருக்கு எழுதும் பத்திரத்தை நானே எழுதினேன். ஓராண்டாக அது பதிவாகவில்லை. ஒரு மாதம் எனக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாதம் நாள் நன்றாக இல்லை, பிறகு அவளே வேண்டாம் என்றாளே என்று தோன்றியது. இப்படிக் காரணம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். ஆயுள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை என் மனதோடு வைத்துக்கொள்ளாமல் அச்சுக்குக் கொடுத்தேன். ஆண்டு நிறைவுக்கு வரும் உங்களுக்குக் கொல்லை மேடையில் இலை போட்டிருக்கும். உட்காருவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, பதிவு ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகவில்லை என்று நான் சொன்னால், ஒருவரும் சாப்பிடாமல் திரும்பிப் போய்விடுங்கள்.