சேம் சைடு கோல் போட்டவரின் காரில்

மகனுக்கு ஆபீஸில் வேலை முடியவில்லை. பேத்தி காவ்யாவையும் என்னையும் இன்று அவளுடைய ஃபுட்பால் கோச்தான் வீட்டில் விட்டார். கார் ஓட்டத் தெரியாதவள் இந்த அமெரிக்க ஊர் பேர்லேண்டில் யார் ஏற்றினாலும் ஏற வேண்டியதுதான்.

கோச் பிரேசில்காரர். பதினான்கு வருஷம் டிஃபென்ஸில் ஆடியவர். ஊருக்குப் போவதில்லையா என்று காவ்யாவை விட்டுக் கேட்டேன்.

"ஒன்பது வருஷமா போகலையாம் பாட்டி. ஃபைனல்ல தன் டீம் கோலுக்குள்ளயே பாலை அடிச்சிட்டாராம். இன்னும் திட்டறாங்களாம்."

"சேம் சைடு கோல்," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"ஓன் கோல், பாட்டி."

ஓன் என்றால் சொந்தமாம். நாம் பழியை சைடுக்குக் கொடுக்கிறோம், இவர்கள் ஒருத்தர் தலையிலேயே எழுதிவிடுகிறார்கள்.

"அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். ஊர் இப்ப மறந்திருக்குமான்னு கேக்கறார்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மறந்திருக்காது. கல்யாணத்தன்னிக்கு என்னைக் கறுப்பின்னு சொன்ன நாத்தனாரை நாற்பது வருஷமா நான் மறக்கலை. ஆனா அவ வந்தா காபி குடுக்கறேன். போகச் சொல்லுடி."

காவ்யா அதை அவருக்குச் சொன்னாள்.

"அந்தக் காபில சர்க்கரை போடுவீங்களான்னு கேக்கறார் பாட்டி. தெரிஞ்சாத்தான் டிக்கெட் எடுப்பாராம்."

வீடு வந்துவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன். நீங்கள் போடுவீர்களா? உண்மையை எழுதுங்கள், நாளைக்கு அவரிடம் சொல்ல வேண்டும்.