ஆள்காட்டிக்குக் கட்டிய சிவப்புத் துணி

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். கும்மிடிப்பூண்டிக்கும் புதுவாயலுக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நிலத்தில் நான் காவல்காரனாக இருந்தேன். காவல் என்றதும் மாந்தோப்போ குடோனோ என்று நினைப்பீர்கள். அங்கே திருடிக்கொண்டு போக எதுவுமே கிடையாது. அந்த நிலத்தை யாரும் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த இடம் அது. மண் தீர்ந்த பிறகு பள்ளமும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். சென்னையில் இருக்கும் நிலத்துக்காரர், பிளாட் போடக் கேட்டவர்களையும் ஷெட் போடக் கேட்டவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டு, காடாகட்டும் என்று விட்டுவிட்டார். சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு பிடுங்கினோம், பனங்கொட்டை ஊன்றினோம். அதற்கு மேல் எதையும் தொடாதே என்றார். பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்றது. இரண்டு மழைக்காலம் போனதும் கோரை முளைத்து, நீர்க்கோழி, கீரிப்பிள்ளை, உடும்பு, எனக்குப் பெயர் தெரியாத என்னென்னவோ வந்து சேர்ந்தன.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரி கிளீனர், ரோடு போடும் வேலை, நெல்லூர் பக்கம் இறால் பண்ணை, ஓட்டலில் பாத்திரம் கழுவுவது என்று சுற்றியவன். இதற்கு முன் எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. இங்கே தகரக் கொட்டகை, ஒரு ஸ்டவ், குடிக்கத் தண்ணீர் எல்லாம் இருந்தது. எனக்கு அது போதும்.

நிலத்தின் தெற்கு ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை போகும். பக்கத்து ஊர்ப் பெண்கள் கம்பெனி வேன் ஏறுவதற்கு அந்த வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். நிலத்துக்காரர் அதை மறிக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். யாராவது பாதையை விட்டு உள்ளே இறங்கினால் பாதை முனையில் இருக்கும் கேட்டைப் பூட்டிவிடுவேன், பிறகு யாருக்குமே வழி கிடையாது என்றார். பூட்டிவிட்டால் அந்தப் பெண்கள் நெடுஞ்சாலை ஓரமாகவே சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ரோட்டில் லாரிகள் எப்படிப் போகும் என்று லாரியில் இருந்த எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில், பாதையிலிருந்து பத்தடி தள்ளி, காலை வைக்கப் போன இடத்தில் நான்கு முட்டைகளைப் பார்த்தேன். ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஊரையே கூட்டுவது போலக் கத்துமே, அந்தக் குருவிதான். அது கூடு கட்டாது. வெறும் தரையில், சரளைக்கல்லுக்கு நடுவில் முட்டையிடும். முட்டையும் பார்ப்பதற்குக் கல் மாதிரியே இருக்கும். நானே மிதித்திருப்பேன்.

யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் நான்கு குச்சி நட்டேன். லாரியில் கம்பி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டுவோம், ஒதுங்கிப் போ என்று அர்த்தம். ரோடு போடும் இடத்திலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் ஒரு பழைய சிவப்புத் துணியைக் கிழித்துக் குச்சிகளில் கட்டினேன். பக்கத்தில் எறும்புச் சாரி போனது. முட்டையில் ஏறிவிடப் போகிறதே என்று சமையலுக்கு வைத்திருந்த மஞ்சள் பொடியைச் சுற்றிலும் தூவிவிட்டேன். நல்ல வேலை செய்தோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு குச்சிக்குக் குங்குமம் வைத்திருந்தது. அடுத்த நாள் வேப்பிலைக் கொத்து.

காலையில் முதல் ஆளாக வரும் ஓர் அக்கா உண்டு. பேக்கிங் கம்பெனியில் வேலை. அவர் சொல்வதைத்தான் மற்ற பெண்கள் கேட்பார்கள். பாதையில் நின்றபடி, "இன்னா வாட்ச்மேன், யாரு நட்டாங்க இத? நீதான் இங்கியே கீற, உனுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். அந்த இடம் வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் ஒதுங்கிப் போகிறார்கள். நான் கத்தினாலும் இப்படிக் கேட்க மாட்டார்கள். அதுவும் நல்லதுதானே என்று தோன்றியது. "தெரியாதுக்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் இழுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. நிலத்துக்காரர் மத்தியானம் வருவதாகப் போன் செய்திருந்தார். பதினோரு மணி இருக்கும், ஆள்காட்டி விடாமல் கத்துவது கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். முப்பது பேர் இருப்பார்கள். பெண்கள், பிள்ளைகள், நான்கைந்து ஆண்கள். பானை, விறகு, செங்கல், அரிசி. பாதையை விட்டு இறங்கி, குச்சிகளைச் சுற்றி நின்று, பொங்கல் வைக்க அடுப்பு கூட்டிக்கொண்டிருந்தார்கள். குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்த, ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்துட்டா பாரு" என்றாள்.

அந்த வெயிலில் குருவி முட்டையின் மேல் வந்து நிற்காவிட்டால் உள்ளே இருப்பது வெந்துபோகும். நிலத்துக்காரர் வந்து பார்த்தால் கேட் பூட்டு. உண்மையைச் சொன்னால் அடி விழும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். கொட்டகைக்குள் போய் இரண்டு சட்டையையும் லுங்கியையும் பையில் திணித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். பிரச்சினை வந்தால் எப்போதும் நான் செய்வது அதுதான். பள்ளத்தின் கரை ஏறியபோது அந்தக் குருவி என் தலைக்கு மேலேயும் வந்து ஒரு சுற்றுக் கத்திவிட்டுத் திரும்பியது. அதற்கு நானும் அந்தக் கூட்டமும் ஒன்றுதான். பையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன்.

"அக்கா, எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க. இங்க சாமி ஒண்ணும் இல்ல. துணி கட்டினது நான்தான்."

"இன்னாது?" என்றார் பேக்கிங் கம்பெனி அக்கா.

"குருவி முட்ட வெச்சிருக்குது. மிதிச்சிடப் போறீங்கன்னு கட்டுனேன். மஞ்சப்பொடி எறும்புக்குப் போட்டது."

ஓர் ஆள் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "எங்க ஆத்தாவ வெச்சி காமெடி பண்ணிக்கினு கீறியா?" பின்னால் இன்னொரு பெண்ணின் குரல், "எறும்புப் பொடிக்கா நான் ஒரு வாரமா செருப்பக் கழட்டிக்கினு நடந்தேன்? காலெல்லாம் முள்ளுடா!" என்றது. அதற்கு யாரோ சிரித்துவிட்டார்கள். என்னைப் பிடித்திருந்தவர் சிரிக்கவில்லை.

அக்கா மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். "எங்கய்யா முட்ட? வெறுங் கல்லுதான் கீது."

"உங்க கைக்கு நேரா பாருங்கக்கா."

அவருக்குத் தெரிந்துவிட்டது. விரித்த கையை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார். அடுப்புக்கு வைத்த செங்கல் முட்டைகளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எழுந்து, சட்டையைப் பிடித்திருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "வுடுயா அவன. முட்ட மேல குந்தியிருந்தவள எழுப்பி வுட்டுட்டு நாம ஆத்தாவுக்குப் பொங்க வெக்கிறமா? ஆத்தா மூஞ்சில முழிக்க வாணாமா? எட்ரி பானைய!"

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். அக்கா மட்டும் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முட்டைகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. "நீங்க நின்னாலும் அது வராதுக்கா" என்றேன். "நல்லது பண்ணாக்கூடவா தப்பு?" என்று திட்டிக்கொண்டே வந்தார்.

வேப்ப மரத்தடியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குருவி இறங்கியது. நேராகப் போகவில்லை. அங்கே ஓடுகிறது, இங்கே ஓடுகிறது, ஒன்றுமே இல்லாதது போல மண்ணைக் கொத்துகிறது. பிறகு பள்ளத்துத் தண்ணீரில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. "குந்திக்கிச்சி, குந்திக்கிச்சி" என்று பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பானை பொங்குகிற நேரத்துக்கு நிலத்துக்காரரின் கார் வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை. குச்சி, துணி, மஞ்சள், நான் சொன்ன பொய், பையை எடுத்துக்கொண்டு ஓடியது வரைக்கும் சொன்னேன். அவர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அக்கா முன்னால் வந்தார்.

"சார், கேட்டப் பூட்றது அப்புறம். மொதல்ல இந்த ஆளு வாயத் தொறந்து வுடுங்க. குருவின்னு சொல்லியிருந்தா நாங்க இன்னாத்துக்கு எறங்கப் போறோம்? நாங்களும் புள்ள பெத்தவங்கதான்."

நிலத்துக்காரர் சிரித்துவிட்டார். இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். கேட் பூட்டப்படவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வேப்ப மரத்தடியில் பொங்கல் வைத்துக்கொள்ளலாம், பாதையைத் தாண்டக் கூடாது என்று அன்றைக்கே இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டார்கள்.

நான்காம் நாள் முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகள். பொரிந்த கொஞ்ச நேரத்தில் அம்மா பின்னால் நடந்தே போய்விட்டன. நான்காவது முட்டை பொரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலாலா, வேறு எதனாலாவதா, எனக்குத் தெரியாது. வேன் ஏறப் போன பெண்கள் எல்லோரும் பாதையில் நின்று குஞ்சுகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அன்றைக்கு வேனே கொஞ்சம் லேட்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். எங்கே முட்டை இருக்கிறது, எந்தப் பக்கம் உடும்பு இருக்கிறது என்று வருகிறவர்களிடம் நின்று சொல்கிறேன், கேட்டுக்கொண்டு ஒதுங்கித்தான் போகிறார்கள். என் பேச்சை எவன் கேட்பான் என்று நினைத்தே பாதி வயதைக் கழித்துவிட்ட எனக்கு, நான் சொன்னதைக் கேட்டு முப்பது பேர் பானையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த அந்தக் காலை இன்று நினைத்தாலும் நெஞ்சை லேசாக்குகிறது.