மஞ்சளானாலும் நிறுத்தாதே

ஜப்பான்காரன் காலத்தில் எங்க வீட்டுக்காரரைக் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டுது. லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம். மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸரை, போனவங்க உயிரோட திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு லோரியில் ஏத்திட்டுப் போயிட்டானுங்க. ஆஸ்பத்திரி அலமாரியில் ஒரு டப்பா ஜெர்மன் மாத்திரைதான் மிச்சம். காய்ச்சல்காரங்களுக்கு டிரெஸ்ஸர் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கேன். எடுத்து வந்து நானும் கொடுத்தேன்.

காய்ச்சல் தணிஞ்சுது. ஆனா மனுஷன் உடம்பு பூராவும் மஞ்சள்!

"பாவி, காமாலையை வரவழைச்சிட்டியேடி!" எதிர்வீட்டு அக்கா கீழாநெல்லியை அரைச்சுக்கிட்டு வந்து, மாத்திரை டப்பாவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கிட்டாங்க. கிணத்துல போடப் போறாங்களாம்.

டப்பாவோட இருந்த ஜெர்மன் தாள் மட்டும் என் கையில். கல்யாணத்துக்கு முந்தி சுங்கைப் பட்டாணியில் ஒரு ஜெர்மன் துரைசானி வீட்டில் பிள்ளை பார்த்தவ நான். பெரிய பிள்ளைகளுக்கு அவங்க ஜெர்மன் இலக்கணம் நடத்துறப்போ, சின்னதை மடியில் ஆட்டிக்கிட்டு நானும் கேட்பேன், புத்தகத்தை எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டுவேன். முதன்மை வாக்கியம் தனியா நிக்கும். துணை வாக்கியம் தனியா நிக்காது, அதோட வினைச்சொல் நம்ம பேச்சு மாதிரி கடைசியில் போய் உட்காரும். ரெண்டையும் பிரிக்கத் தெரியாம பிள்ளைகள் திட்டு வாங்கும். எனக்கு அது தண்ணி பட்ட பாடு.

தாளில் 'தோல்', 'மஞ்சள்'னு ரெண்டு சொல்லைப் பார்த்ததும், போச்சுடா சாமின்னு உட்கார்ந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. 'தோல் மஞ்சளானால்' என்பது துணை வாக்கியம்தானே, முதன்மை வாக்கியம் எங்கே? விரலை வெச்சுத் தேடினேன். கமாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது: 'மருந்தை நிறுத்தக் கூடாது.' அடுத்த வரி, அது மருந்தோட சாயம், காமாலை இல்லை. அப்பாடா! அக்கா இடுப்பிலிருந்து டப்பாவை உருவிட்டு வந்துட்டேன்.

காய்ச்சல் ஓடியே போச்சு. மஞ்சள் போகலை. அந்த வாரமே, காலையில் பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துக்கு ஜப்பான்காரன் மறுபடி சயாமுக்கு ஆள் பொறுக்க வந்தான். எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் பதறிப் பின்னால போனான். கிட்ட வராதேன்னு கையை வீசி விரட்டினான். நான் அங்கேயே ஓன்னு அழுதுட்டேன், அவ்வளவு நிம்மதி.

எதிர்வீட்டு அக்காவோட வீட்டுக்காரர் முறை வர்றதுக்குள்ள லோரி நிறைஞ்சு போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் அக்கா வந்தாங்க. கையில் கீழாநெல்லி இல்லை.

"அடியே, அந்த மாத்திரை மிச்சம் இருக்கா? அடுத்த லோரி வர்றதுக்குள்ள எங்க வீட்டு மனுஷனையும் மஞ்சளாக்கிடு."