என் கையெழுத்தில் எட்டுக் கடிதங்கள்

வகுப்பாசிரியை இழுப்பறையிலிருந்து எட்டுக் கடிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். எல்லாம் என் மகள் பாடசாலைக்கு வராத நாள்களுக்குக் காரணம் சொல்பவை. காய்ச்சல். வயிற்றுவலி. ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.

"இதெல்லாம் நீங்க குடுத்து அனுப்பினதுதானே?"

"ஆமாங்க டீச்சர்."

வாயில் அப்படித்தான் வந்தது. என் பிள்ளை என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்பதை இன்னொருத்தி முன்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. கணிதத்தில் பத்தொன்பது புள்ளி, விஞ்ஞானத்தில் இருபத்தேழு. "மூள இல்லாத புள்ளன்னா பரவால்ல," என்றார் ஆசிரியை. "இவ கேக்குற கேள்விக்கு நான் வீட்டுக்குப் போய் புத்தகம் பாத்துட்டு வர வேண்டியிருக்கு. ஆனா பரீட்சையில பாதித் தாள வெறுசா விட்டுட்டு வர்றா. கேட்டா, இந்தக் கணக்கு எதுக்குன்னு சொன்னாத்தான் செய்வேங்கிறா."

பதுளை டவுனிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் யோசித்தேன். எட்டு நாள் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறாள், பாடசாலைக்குப் போகவில்லை. எங்கே போனாள்? யாரோடு?

அன்று மாலை அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மூன்று வயதுப் பிள்ளை பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். என் மகள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவள் அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். அவரிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு அனுப்பு என்பார். அதனால் சொல்லவில்லை.

அவள் குளிக்கப் போகும்போது புத்தகப் பையைத் துழாவினேன். சிங்களத்தில் எழுதிய ஒரு கொப்பி இருந்தது. எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வருகிற அளவுதான். அவள் சீருடையை முகர்ந்து பார்த்தேன். ஓரத்தில் ஊதா மைக் கறை. ஒரு நாள் தண்ணீர்ப் பைப்படிக்குப் பக்கத்தில் நின்று யாரோடோ போனில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். மாத்தயா, மாத்தயா என்று ஏதோ ஒரு ஐயாவை இரண்டு தடவை அழைத்தாள். கடைசியில் 'நாளைக்கு வருகிறேன்' என்றது மட்டும் எனக்குப் புரிந்தது. யார் அந்த மாத்தயா?

அதே வாரம், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருக்கும் பெரியம்மா ஒரு கட்டு லீக்ஸ் தண்டு கொண்டுவந்து கொடுத்தார். "ஒங்க மககிட்ட குடுங்க," என்று சிரித்தார். எதற்கு என்றேன். "அது அவளுக்குத் தெரியும்." லயமே ஏதோ தெரிந்து வைத்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று தோன்றியது.

எட்டுக் கடிதங்களும் புதன்கிழமைக்கானவை. அடுத்த புதன்கிழமை லீவு போட்டேன். அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னால் ஆட்டோவில் போனேன். பாடசாலை நிறுத்தத்தில் மற்றப் பிள்ளைகள் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பின்னலைக் குலைத்துக் கொண்டையாகப் போட்டுக்கொண்டு, சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். ஆட்டோக்காரருக்குக் காசைக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் நடந்தேன்.

அவள் போனது பிரதேச செயலகத்துக்கு. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். வாங்குப் பலகையில் ஏழெட்டுப் பேர், எல்லாம் தோட்டத்து ஆட்கள், அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். படிவங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நிரப்பினாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டுக் கைநாட்டு வைத்தாள். பிறகு ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்ச் சிங்களத்தில் பேசினாள். குரல் உயரவில்லை. ஆனால் நகரவும் இல்லை. உள்ளேயிருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளினார். இவள் மறுபடியும் உள்ளே தள்ளினாள்.

"என்ன சொல்லுது அந்தப் புள்ள?" என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன்.

"பேரத் தப்பா எழுதினது பதிவு செஞ்ச ஆளு, இந்தம்மா எதுக்கு அலையணும்னு கேக்குது."

"யாரு வூட்டுப் புள்ள?"

"தெரியலங்க. புதன்கிழமையில வரும். பெத்தவ குடுத்து வச்சவ."

சந்தோஷம் வரவில்லை. என் கையெழுத்தை அவ்வளவு நன்றாகப் போடுகிறவள் இங்கே என்னென்ன போடுகிறாளோ என்றுதான் மனம் ஓடியது. வெளியே வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திடுக்கிட்டாள், ஓடவில்லை.

"வேற யாரு கையெழுத்தெல்லாம் போட்ட? உண்மையச் சொல்லு."

"இவங்களுக்கெல்லாம் கைநாட்டும்மா. நான் போட மாட்டேன்." பிறகு அவளே சொன்னாள்: "அப்பாவோடது ஒருவாட்டி போட்டேன்."

"எதுக்குடி?"

"என் பொறப்புப் பத்திரத்துல ஒங்க பேரு வேற யாரோ பேரு மாதிரி இருக்கு. அடையாள அட்டைக்குத் திருத்திட்டு வரச் சொன்னாங்க. ஒங்ககிட்ட நாலு வாட்டி சொன்னேன். பாப்போம், பாப்போம்னீங்க. அதான் நானே வந்தேன். படிவத்துல அப்பா கையெழுத்தும் கேட்டாங்க. வந்தா, எல்லாரையும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்குச் சிங்களம் தெரியல. எனக்குத் தெரியும்."

அரசாங்கத் தாளில் என்னைத் தன் தாயாக்கிக்கொள்ள அவள் தனியாக அலைந்திருக்கிறாள். நான் 'பாப்போம்' என்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளை அடிக்கத்தான் கையைப் பிடித்தேன். அடிக்க முடியவில்லை.

ஆனாலும் அவள் சொன்னதை அப்படியே நம்பினேன் என்று எழுதினால் அது பொய். பெரியம்மாவிடம் போய் விசாரித்தேன். அவருடைய ஓய்வூதியப் பணம் அடையாள அட்டைக் குழப்பத்தால் நின்றுபோயிருந்ததாம். இவள்தான் எழுதிக் கொடுத்தாளாம். போனில் பேசிய மாத்தயா அந்த ஜன்னலுக்குள் இருந்தவர்தான். அதையும் அந்த எண்ணுக்கு நானே போன் எடுத்துப் பேசித்தான் நம்பினேன்.

பிறகு ஆசிரியையிடம் போய், அந்தக் கடிதங்கள் என்னுடையவை இல்லை என்றேன்.

"அன்னைக்கே தெரியும்," என்றார். "நீங்க அதுகளை வாசிச்ச விதத்துலயே தெரிஞ்சுது. ஒரு நாள் வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

மூன்று பேருமாக உட்கார்ந்து பேசினோம். இனிப் பாடசாலை நாளில் டவுனுக்குப் போகக்கூடாது என்றார் ஆசிரியை. "அப்ப அவங்களுக்கு யாரு எழுதுவா?" என்று என் மகள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை மடுவம் பூட்டித்தான் கிடக்கும். தோட்ட மேனேஜர் துரையிடம் கேட்டுச் சாவி வாங்கினேன். ஆட்கள் தாள்களை அங்கே கொண்டுவந்தார்கள். குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அவள் எழுதினாள். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

பதினோராம் வகுப்பு முடிவில் வந்த சாதாரண தரப் பரீட்சையில் தமிழிலும் சிங்களத்திலும் ஏ. கணிதத்தில் தவறிவிட்டாள். இந்த வருடம் மறுபடியும் எழுதுகிறாள். பண்டாரவளையில் ஒரு வகுப்பு நல்லது என்றார்கள், சேர்த்துவிட்டேன். முதல் வாரம், போனாளா என்று அந்த மாஸ்டருக்குப் போன் செய்து கேட்டேன். வந்திருந்தாள் என்றார். அடுத்த வாரமும் கேட்டேன்.