உட்கார வைத்துச் சோறு போட்டார்கள்

எங்கள் பள்ளியின் விளையாட்டு அறையில், வலைப்பந்துக் கூடைக்கும் வட்டு எறிதல் தட்டுகளுக்கும் நடுவே, கைகள் இல்லாத ஒரு தேக்கு நாற்காலி கிடக்கிறது. வரும்போது அதற்குக் கைகள் இருந்தன. நான்தான் ரம்பம் போட்டு அறுத்தேன். அறுத்த இடத்தில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கக்கூட இல்லை, வேண்டுமென்றேதான் சிலாம்போடு விட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும், "நல்ல சேரைப் போயி ஏன் டீச்சர் இப்படிப் பாழாக்குனீங்க" என்கிறார்கள். அது நல்ல நாற்காலி என்று யார் சொன்னது? எங்கள் ஹெச்.எம். டீச்சரை அதுதான் கொன்றது என்று சொன்னால் எனக்குத்தான் கிறுக்கு என்பார்கள். ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன், இன்றைக்கும்.

அவர் ஹெச்.எம்.மாக இருந்த காலம் முழுவதும் எனக்கும் அவருக்கும் ஆகாது. கணக்கு அவர் பாடம். நான் பி.டி. டீச்சர். அரைப் பரீட்சை நெருங்கினால் என் பீரியடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட வந்தால், வகுப்பில் அவர் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பார். கேட்டால், "கணக்குல பெயிலான புள்ளைக்கு ஓட்டம் எதுக்கு பி.டி." என்பார். என் பெயர் அவருக்குத் தெரியும், ஆனால் கடைசிவரை பி.டி. என்றுதான் கூப்பிட்டார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நின்று நான் பல்லைக் கடித்த நாட்கள் எத்தனையோ. அவர் ஓய்வு பெற்றபோது ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தத் தேக்கு நாற்காலியை வாங்கிக் கொடுத்தோம். "இனியாவது உக்காந்து ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்று மேடையில் எல்லாரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஆவூர்ப் பக்கம் சொந்த வீடு, கொய்யா மரம், கிணறு. அடுத்த தெருவில் அவருடைய அண்ணன் மகன், முறைக்கு மருமகன், விராலிமலையில் ஹாலோ பிளாக் போடுகிறவர். ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து ஒரு மத்தியானம் ஹெச்.எம். பள்ளிக்கு வந்தார். ஆபீசுக்குப் போகாமல் நேராக மைதானத்துக்கு வந்தார். வேப்ப மரத்தடியில் நின்றபடியே, குளியலறையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் போனதையும், பால்காரம்மா வந்து கதவை நெம்பித் திறந்து தூக்கிவிட்டதையும் சொன்னார். விழவில்லை, அடிபடவில்லை, தொடையில் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணன் மகன் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறார். "எனக்கு என் வீட்டுல இருக்கணும். அதுக்கு நானா எந்திரிக்கணும்" என்றார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, "ஒன் பீரியடையெல்லாம் நான் எடுத்துக்கிட்டேன்ல பி.டி., இப்ப எனக்கு ஒரு பீரியட் குடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை வருடக் கோபமும் அந்த இடத்திலேயே போய்விட்டது.

டாக்டரிடம் காட்டினோம். இதயம், பிரஷர் எல்லாம் சரி, தாராளமாகச் செய்யலாம் என்றார். விராலிமலையில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. காலையும் மாலையும் பையன்கள், சனிக்கிழமை பகலில் பெண்களுக்கு. நான் அங்கே வெகுநாளாகப் போகிறேன். என் முறை சுருக்கமானது. ஒவ்வொரு பயிற்சியும் ஒரே ஒரு சுற்று. எடையை மெதுவாகத் தூக்க வேண்டும், அதைவிட மெதுவாக இறக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது, இனி ஒரு தடவைகூட முடியாது என்று தசையே கைவிரிக்கும் இடம்வரை போக வேண்டும். அத்தோடு சரி. அப்புறம் பல நாள் அந்தத் தசையைத் தொந்தரவு பண்ணக் கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், உடம்பு அந்த ஓய்வில்தான் தன்னைக் கட்டிக்கொள்ளும். ஹெச்.எம்.முக்கு இது பிடித்துப்போனது. "இது கணக்கு மாதிரியே இருக்கே. சுத்தி வளைக்காம விடைக்குப் போகுது" என்றார்.

வாழ்க்கையில் முதன்முறையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியபடி. உள்ளே நுழைந்ததும் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். ஜிம்காரத் தம்பி எழுந்து நின்று குறைத்தான், அவரிடம் படித்தவன். லெக் பிரஸ் இயந்திரத்தில் முதலில் வெறும் தட்டைத் தள்ளவே தொடை நடுங்கியது. கடைசித் தள்ளலில் "சேசு மரி சூசை" என்று முனகுவார். வேதனையில் சொல்கிறாரா, வைகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கொஞ்சம் எடை கூட்டினேன், அவர் ஒருநாளும் குறைக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது அந்தத் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழப் பார்ப்பார். ஆரம்பத்தில் பாதியில் தொப்பென்று விழுந்தார். மழைக்காலம் முடிந்த ஒருநாள் எழுந்து நின்றுவிட்டார். நின்றவர் மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "பாத்தியா பி.டி., வழிமுறையோட போட்டுட்டேன்" என்றார். அன்றைக்கு நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அடுத்த வருடம் கோயில் திருவிழாவுக்குச் சென்னை, கோயம்புத்தூர் என்று உறவெல்லாம் வந்து அவர் வீட்டு வாசலில் பந்தலில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கேன் போடுகிறவன் கேட்டருகே ஒன்றை இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஹெச்.எம். போனார், முதுகை நிமிர்த்தியபடி முழங்காலை மடக்கினார், கேனைத் தொடையோடு அணைத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய் ஸ்டாண்டில் கவிழ்த்தார். அவ்வளவு அழகாக ஒருவர் எடை தூக்கி நான் பார்த்ததில்லை, கைதட்டத் தோன்றியது. பந்தலில் ஒரு பெரியம்மா வாயில் வெற்றிலையோடு, "ஏப்பா, ஆம்பளப் புள்ள இருக்கிற வீட்டுல அத்தைய கேன் தூக்க விட்டுட்டு இங்கிட்டு உக்காந்திருக்கியே" என்றது. அண்ணன் மகன் முகம் செத்துப்போனது. நான்கு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மகன் ஹெச்.எம்.மின் காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். "ஊரு என்னையக் காறித் துப்புது அத்தை. ஒங்களுக்கு நான் என்ன கொறை வச்சேன்." கெட்டவர் இல்லை அந்த மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் ஹெச்.எம். அவரை ஒரு கை பார்த்திருப்பார். இன்ஸ்பெக்டர்களை எதிர்த்து நின்றவர், என்னைப் பல வருடம் வராந்தாவில் நிற்க வைத்தவர், அழுகிற ஒரு மருமகனுக்கு முன்னால் தோற்றுப்போனார். அந்தச் சனிக்கிழமை நான் ஸ்கூட்டரில் போய் ஹாரன் அடித்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த தெருவில், மருமகன் வீட்டுக் கூடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே, தேக்கு நாற்காலியில் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததையெல்லாம் எழுதினால் வயிறு எரியும். தண்ணீர் வேண்டுமென்றால் கைக்கு வந்தது. தட்டு மடிக்கு வந்தது. செருப்பைக்கூட யாராவது எடுத்துப் போட்டார்கள். அவர் எழ முயன்றாலே, "இருங்க அத்தை, இருங்க அத்தை" என்று இரண்டு பேர் ஓடி வந்து அமுக்கினார்கள். உழைத்த தசைக்குத்தான் ஓய்வு. உழைக்காத தசைக்குக் கொடுத்தால் அதற்குப் பேர் வேறு. இதை நான் மருமகனிடம் வாசலில் நிறுத்திச் சொன்னேன். "வயசானவங்களைப் போயி மூட்டை தூக்கச் சொல்றீங்களே டீச்சர், ஒங்க அம்மாவா இருந்தா செய்வீங்களா" என்றார். செய்வேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஹெச்.எம்.மிடம் கேட்டேன், ஏன் டீச்சர் இப்படி விட்டுக்கொடுத்தீங்க என்று. "விடு பி.டி. அவன் அழுவுறான்" என்றார். அவர்மீதும் எனக்குக் கோபம்தான். இறந்தவர் என்பதற்காக அதை நான் மறைக்கப்போவதில்லை.

முதலில் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். அப்புறம் கைகளைப் பிடித்தும் எழ முடியாமல், ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. கஷ்டப்பட்டுப் போட்ட சதை எல்லாம் கண்முன்னே வற்றியது. சுடிதார் அணிந்து ஜிம் படியேறிய கால்கள் அவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு நண்பகல், பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் தானாக எழுந்திருக்கிறார், விழுந்தார், இடுப்பு முறிந்தது. ஆபரேஷன், படுக்கை, நெஞ்சுச் சளி. மாதா கோயிலில் அவருக்குத் துக்க மணி அடித்தபோது நான் மைதானத்தில் பிள்ளைகளுக்குத் தொடர் ஓட்டம் வைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பந்திக்குப் போனேன். மருமகன் எல்லாரையும் கும்பிட்டு வரவேற்றார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. "கடைசி வரைக்கும் உக்கார வச்சுத்தான் டீச்சர் சோறு போட்டோம். ஒரு துரும்பை நகத்த விடல" என்றார். சுற்றி இருந்தவர்கள், "ஆமாமா, பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது" என்று தலையாட்டினார்கள். அதே வெற்றிலைப் பெரியம்மாவும் ஆட்டியது. எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். அவர் செய்தது என்னவென்று இந்த ஜென்மத்தில் அவருக்குப் புரியப்போவதில்லை. அத்தை ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாற்காலியைக் கேட்டேன். மறுநாளே போர்வையில் சுற்றி, தன் லோடு ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். அன்று சாயங்காலம் வாட்ச்மேனிடம் ரம்பம் வாங்கி இரண்டு கைகளையும் அறுத்தேன். தேக்கு லேசில் அறுபடாது. தோள் விட்டுப்போகும்வரை அறுத்தேன்.

போன வாரம் புதுக் கணக்கு டீச்சர் விளையாட்டு அறைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். அரைப் பரீட்சை வருகிறது, எட்டாம் வகுப்பு பி.டி. பீரியடை ஒரு மாதத்துக்கு விட்டுக்கொடுங்க என்றார். "உக்காருங்க டீச்சர்" என்று அந்த நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். "கையைக் கட்டிக்கிட்டு மெதுவா எந்திரிங்க. மெதுவா உக்காருங்க. அஞ்சு தடவை செஞ்சுட்டீங்கன்னா பீரியடை எடுத்துக்கங்க" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்தார். இரண்டாவது தடவை சிரிப்பு நின்றது. மூன்றாவதில் பாதி எழுந்தவருக்குத் தொடை வெடவெடத்தது, கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து இரண்டு பக்கமும் நாற்காலியின் கைகளைத் தேடின. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. தொப்பென்று உட்கார்ந்தார். "சனிக்கிழமை ஜிம்முக்கு வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, விசிலை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்பைக் கூப்பிடப் போனேன்.