யோசித்துச் சொல்கிறோம்

காலை 8.12. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். வத்திராயிருப்பு பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் நேரே பூக்காரப் பெண்ணிடம் வருகிறார்.

"பொண்ணு விஷயமா யோசிச்சுச் சொல்லுதோம்னு ராஜபாளையத்து மாப்பிள்ளை வீட்ல சொல்லிரு தாயி."

சொல்லிவிட்டுப் பக்கத்து டீக்கடையில் போய் நிற்கிறார்.

"அவரிடம் போன் இல்லையா?" என்று பூக்காரப் பெண்ணைக் கேட்கிறேன்.

"ரெண்டு வச்சிருக்காரு. சம்பந்தப் பேச்சை நேராப் பேசுனா மொகத்துல அடிச்சாப்புல ஆயிரும் அண்ணாச்சி. நடுவுல ஒரு ஆளு வேணும்."

2020 நவம்பர் 29 அன்று ஜப்பான் ஏவிய செயற்கைக்கோள் ஒன்றுக்கும் இதே வேலைதான் என்கிறேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல இருந்துகொண்டு, தாழப் பறக்கும் செயற்கைக்கோள்கள் தரும் தகவலை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஜப்பானுக்குக் கடத்துகிறது.

"மாத்தாமயா?" என்றபடி அவர் ராஜபாளையத்துக்குப் போன் போடுகிறார்.

"மதினி, அவியளுக்குச் சம்மதந்தான். வெள்ளிக்கிழமை பூ வைக்க வந்துருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "யோசித்துச் சொல்கிறோம் என்றுதானே அவர் சொன்னார்?"

"வேண்டாம்னா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வருவாராக்கும்? சொன்னதை அப்படியே சொல்லுத அந்த ஜப்பான்காரி இதுவரைக்கும் எத்தனை கல்யாணம் முடிச்சு வச்சிருக்கா?"

டீக்கடையிலிருந்து பெரியவர் எங்களை நோக்கி வருகிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சண்டை வரப்போகிறது என்று ஒதுங்கி நிற்கிறேன்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால வரச் சொல்லு" என்கிறார்.